சைடுகார் வண்டியில ஆயில் ஃபில்டர்: பெட்டியை இறக்காம வலது கவரைத் திறக்கலாம்

வணக்கம்ங்க, மியான்மர் மௌல்மீன்ல இருந்து பேசுறேன். சைடுகார் பூட்டுன ஹோண்டா டிரீம், வேவ், அதே எஞ்சின் அமைப்புல வர்ற சீன 110, 125 சிசி பைக் வெச்சிருக்கவங்களுக்கு இந்த வீடியோ. ஆயிலை ஒழுங்கா மாத்துவோம், ஃபில்டரைத் தொடவே மாட்டோம். இந்த எஞ்சின்ல டப்பா மாதிரி திருகி மாட்டுற ஃபில்டர் கிடையாது. அடியில ஒரு கம்பி வலை, பிஸ்டன் சுத்த வைக்கிற கிராங்க் தண்டு முனையில கூடவே சுத்துற ஒரு கிண்ணம், அவ்வளவுதான். ரெண்டும் எஞ்சினோட வலது கவருக்குள்ள. நாம ரோட்டுல வலது ஓரம் போறோம், அதனால சைடுகார் பெட்டியும் வலது பக்கம். கை நுழைய இடமில்ல.

கிண்ணம் சுத்துறப்போ அழுக்கு விளிம்புல போய் அப்பிக்கும். நிறைஞ்சிருச்சுன்னா அதுக்கு மேல பிடிக்காது, அழுக்கு நேரா கனெக்டிங் ராடு கிராங்கோட சேர்ற பிக் எண்ட் பேரிங்குக்குத்தான். பெட்டியில ரெண்டு ஆளு, காலடியில ஒரு அரிசி மூட்டை. கிளட்ச் வழுக்கி வழுக்கித்தான் வண்டி நகரும், அந்தத் தூளும் இதே ஆயில்லதான் சேருது. புத்தகத்துல 12,000 கிலோமீட்டர்னு போட்டிருக்கிறது தனி வண்டிக்கு. பெட்டி இருந்தா 6,000-ல திறந்துடுங்க. ஆயில் 1,500-க்கு ஒரு தடவை.

முதல்ல பட்டறை வேலை, ஒரே ஒரு தடவைதான். பெட்டியை வண்டியோட சேர்க்கிற கம்பிகள்ல, கவருக்குக் குறுக்க போற கீழ் முன் கம்பியைப் பாருங்க. நிறைய வண்டியில அதை அப்படியே வெல்டு வெச்சு விட்டுடுறாங்க. அதை ரெண்டு இடத்துல வெட்டி, நாலு முனையிலயும் 8 மி.மீ. தகடு வெச்சு வெல்டு பண்ணச் சொல்லுங்க. தகடு ஜோடிக்கு மூணு 10 மி.மீ. போல்ட், தலையில 8.8 முத்திரை இருக்கணும், நைலான் நட்டு. ஓட்டை 10.5-க்கு மேல வேண்டாம். பெருசா போட்டா இணைப்பு ஆட ஆரம்பிச்சு, பெட்டிச் சக்கரத்தோட நேர்கோடு போயிடும், ஹேண்டில் ஒரு பக்கமா இழுக்கும், டயரும் சீக்கிரம் தேயும். வெட்டுறதுக்கு முன்னாடியே தகடுகளைப் போல்ட்டுல முடுக்கி, கம்பியில புள்ளி வெல்டு வெச்சுக்கணும். வெட்டிட்டு அப்புறம் அளவு பார்த்தா சேராது.

இப்போ திறக்கலாம். முன், பின் சக்கரத்துக்குக் கட்டை வைங்க. எஞ்சின் கொஞ்சம் சூடா இருக்கும்போதே 17 ஸ்பேனர்ல அடி போல்ட்டைக் கழட்டி ஆயிலை வடிச்சுடுங்க. அப்புறம் போல்ட்டைப் போட்டுட்டு, பெட்டிச் சட்டத்துக்கு அடியில ஜாக்கி வெச்சு ஒரு சாண் தூக்குங்க. பெட்டியும் வண்டியும் ஒரே கட்டுங்கிறதால எஞ்சின் இடது பக்கம் சாயும், மிச்ச ஆயில் கவர் வழியா ஊத்தாது. ஜாக்கியை மட்டும் நம்பாம அடியில மரக்கட்டையும் கொடுங்க. குறுக்குக் கம்பியை எடுங்க, மத்தப் பிடிகள்ல கை வைக்காதீங்க. ஃபுட்ரெஸ்ட், கிக்கர், தடுத்தா சைலன்சரும் கழட்டணும். கவர் போல்ட் எல்லாம் ஒரே நீளமில்ல. அட்டையில கவர் படம் போட்டு அதே இடத்துல குத்தி வைங்க. நீளமானது குட்டை ஓட்டையில போனா அலுமினிய மரை போச்சு.

வலையை நேரா வெளியில இழுத்து மண்ணெண்ணெய்ல கழுவுங்க, திரும்பப் போடும்போது எந்தப் பக்கம் உள்ள இருந்ததோ அதே பக்கம். கிண்ண மூடியில இருக்கிற ஸ்க்ரூ நட்சத்திரத் தலை, இறுகிப் போயிருக்கும். சரியான அளவு பிட் வெச்சு சுத்தியால ஒரு தட்டுத் தட்டிட்டுத் திருகுங்க, இல்லன்னா தலை நொறுங்கிடும். உள்ள கறுப்பா களிம்பு மாதிரி இருக்கும். மரக்குச்சியால சுரண்டி எடுத்துத் துணியால துடைக்கணும். காத்து மட்டும் அடிச்சுடாதீங்க, அழுக்கு கிராங்க் ஓட்டைக்குள்ள போயிடும், அப்புறம் நாம கழுவுனதுக்கு அர்த்தமே இல்ல. மூடி நடுவுல ஒரு சின்ன ஆயில் குழாயும் ஸ்பிரிங்கும் இருக்கு. அது கீழ விழுந்து தொலைஞ்சா கிராங்குக்கு ஆயில் சரியா போகாது. அதனாலதான் வண்டிக்கு அடியில வெள்ளைத் துணி விரிக்கச் சொல்றேன்.

புது கேஸ்கெட், கவர் இடம் மாறாம பிடிக்கிற ரெண்டு டோவல் பின், அப்புறம் கவர். போல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமா முடுக்குங்க. ஜாக்கியை இறக்கி, குறுக்குக் கம்பியைப் பூட்டிட்டு ஆயில் ஊத்துங்க. வெறுமனே வடிச்சா 0.8 லிட்டர், கவர் திறந்தா 1 லிட்டர் வரைக்கும் பிடிக்கும். பைக் ஆயில்தான், டப்பாவுல ஜாசோ எம்ஏன்னு (ஆயில்ல நனையுற பைக் கிளட்சுக்கு ஏத்ததுங்கிற முத்திரை) பாருங்க. கார் ஆயில் ஊத்தினா ஏற்கெனவே திணறுற கிளட்ச் இன்னும் வழுக்கலாம். அளவு பார்க்கச் சமமான சிமெண்டுத் தரை வேணும், ஆயில் மூடியில இருக்கிற அளவுக் குச்சியைத் திருகாம வெச்சுப் பாருங்க. மழைக்காலத்துல குச்சியில பால் மாதிரி தெரிஞ்சா தண்ணி கலந்திருக்கு, கிலோமீட்டர் பார்க்காம மாத்திடுங்க.

கடைசியா கிளட்ச். கவர்ல கிளட்ச் அட்ஜஸ்ட் நட்டைத் தளர்த்தி, அதுக்கு நடுவுல இருக்கிற ஸ்க்ரூவை வலமா ஒரு சுத்து, அப்புறம் இடமா மெதுவா, தடை தெரியுற வரைக்கும். அங்க இருந்து திரும்ப வலமா எட்டுல ஒரு பங்கு. ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கிட்டே நட்டை இறுக்கணும். 50 கிலோமீட்டர் ஓட்டுனதும் குறுக்குக் கம்பி போல்ட் ஆறையும் இன்னொரு தடவை முடுக்கிடுங்க.