வரத்துக்காலைப் பிடித்து நடந்தால்

நேயர்களுக்கு வணக்கம். ஏரியைத் தூர்வாருவது பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அந்த ஏரிக்குத் தண்ணீரை அனுப்பும் நிலத்தைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. அந்த நிலத்தில் எது வரலாம், எது வரக்கூடாது என்று முடிவெடுக்கும் இடத்தில் ஊர் மக்களும் இருக்க வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. பெரும்பாலானவை சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிறைந்து, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். ஆனால் நிர்வாகம் அப்படி அமையவில்லை. 100 ஏக்கருக்கும் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையின் பொறுப்பு. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு. அதன் இருபுறமும் பட்டா நிலம். மேலே குன்று இருந்தால் அது பெரும்பாலும் வனத்துறையுடையது. பெய்கிற மழை இவை அனைத்தையும் ஒரே ஓட்டமாகக் கடந்து வருகிறது. கோப்புகள் மட்டும் தனித்தனி மேசைகளில் கிடக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் வடமாவட்டச் சிற்றூர் ஒன்றில், கையில் நில அளவைப் புலப்படத்துடன் ஊரார் சிலரோடு நானும் வரத்துக்காலைப் பிடித்து நடந்தேன். முன்னால் சென்றவர் ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்து பங்கிடும் நீர்க்கட்டியாக நெடுங்காலம் இருந்த பெரியவர். படத்தில் ஓடை பத்து மீட்டர் அகலம். முதல் அரை கிலோமீட்டர் சீமைக்கருவேலம் மண்டியிருந்தாலும் தடம் தெரிந்தது. அப்புறம் ஒரு மனைப்பிரிவு. அதன் சாலைக்கு அடியில் அந்தப் பத்து மீட்டர் ஓடை, ஓர் ஆள் கைவிரித்தால் அடைத்துவிடக்கூடிய ஒற்றைச் சிமென்ட் குழாயாகச் சுருங்கியிருந்தது. பெரியவர் குழாய்க்குள் கோலை நுழைத்துப் பார்த்தார். பாதியில் மண் தட்டியது. "ஏரியை மூணு தடவை வெட்டினாங்க சார், இந்தப் பக்கம் ஒருத்தரும் வரலை" என்றார்.

அவர் சொன்னதில் நம் நீர் மேலாண்மையின் வரலாறே இருக்கிறது. குடிமராமத்து என்பது ஊரார் தாமே கரையையும் கால்வாயையும் பேணிவந்த வழக்கம். 1858-இல் ஆங்கிலேயர் ஆட்சி சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து அந்த வழக்கத்தைக் கடமையாக்கியது. உழைக்கும் பொறுப்பை மக்களிடம் வலியுறுத்திய அச்சட்டம், முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடம் தரவில்லை. பங்கேற்பு என்றால் மண்வெட்டியோடு வந்து நிற்பது என்ற பொருள் இன்றும் முழுமையாக மாறிவிடவில்லை. அதற்காகப் பழங்காலத்தைப் பொற்காலமாக்க நான் முன்வரவில்லை. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையில் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. அதே கல்வெட்டு, வரி செலுத்தும் கால்வேலி நிலம் (வேலி என்பது பழைய நில அளவு) போன்ற தகுதிகளையும் விதிக்கிறது. ஆக, நிலமற்றவர்க்கு அந்த வாரியத்தில் இடம் இருந்திருக்க முடியாது.

நிலத்தையும் நீரையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த ஊர் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார். மழை குறைந்த பகுதியிலுள்ள அவ்வூர், 1989-க்குப் பின் பொபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவராக இருந்த காலத்தில், மலைச்சரிவில் வரப்பு வெட்டி மரம் வளர்த்ததோடு நின்றுவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையைக் கணக்கிட்டு, குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியது போக மிஞ்சுவதற்கு ஏற்ப என்ன பயிர் வைக்கலாம் என்பதை கிராம சபையில் பேசி முடிவு செய்கிறார்கள். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பு போல நீர் குடிக்கும் பயிர் கூடாது, வெளியாருக்கு நிலம் விற்கக் கூடாது என்பவை ஊர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகள். கடைசிக் கட்டுப்பாடு எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீர்க்கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும்.

நம் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தோடு வந்த பதினோராவது அட்டவணை, மண்வளப் பாதுகாப்பையும் சிறுபாசனம், நீர் மேலாண்மை, நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு ஆகியவற்றையும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த அறிவிப்பின்படி உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஆம் தேதியும் கிராம சபை கூடும் நாள். அந்தக் கூட்டத்தில் "நீர்நிலைகளைப் பாதுகாப்போம்" என்று பொதுவாக ஒரு தீர்மானம் எழுதினால் அது கோப்பில் உறங்கும். புல எண், படத்தில் உள்ள அகலம், தரையில் இன்று உள்ள அகலம், அடைப்பு எந்த இடத்தில் என்று எழுதினால், வட்டாட்சியர் அலுவலகம் எதையாவது பதிலாக எழுதியே ஆக வேண்டும். அதற்கு முன் அந்த ஓடையை ஒருமுறை நடந்து பார்த்திருக்க வேண்டும். நடக்கிறவர்களில் ஆயக்கட்டுக்காரர் மட்டுமின்றி ஆடு மேய்ப்பவரும், குடிநீருக்குக் கைப்பம்பை நம்பியிருக்கும் பெண்களும் இருக்க வேண்டும், ஏனெனில் எந்த மாதத்தில் எந்தப் பள்ளம் வற்றுகிறது என்பது அவர்களுக்கே தெரியும்.

நான் சொன்ன ஊரில் தீர்மானம் அப்படித்தான் எழுதப்பட்டது. நில அளவர் வந்து அளந்து கல் நட்டார். சாலைக்கு அடியில் குழாய் இன்னும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சிறுபாலம் கட்டக் கேட்ட மனுவின் நகலை அந்தப் பெரியவர் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கிறார். வணக்கம்.