கதைக்குள் மாட்டிவைத்த படங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கதைகளிலும் நாடகங்களிலும் காவியங்களிலும் வருகின்ற உருவப்படங்களைப் பற்றி, அதாவது ஓவியர் தம் கையால் தீட்டிய மனித முகங்களைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். கல்லூரியில் தமிழ் கற்பித்த காலம் முதல் நான் விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் பொருள் இது. என்னிடம் படித்தவர்கள் யாரேனும் இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், "ஐயா மறுபடியும் தொடங்கிவிட்டார்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கதைக்குள் ஒரு படம் வரும்போது, கைதேர்ந்த எழுத்தாளர் அதிலுள்ள முகத்தை நமக்கு அதிகம் வருணிப்பதில்லை. அந்தப் படத்தின் முன் நிற்பவரையே காட்டுகிறார். நிற்பவர் யார், அவர் கண் எந்த இடத்தில் போய்த் தங்குகிறது, எந்த இடத்தைப் பார்க்காதவர்போலத் தாண்டிச் செல்கிறது என்பவற்றைச் சொல்லிவிட்டால், முகத்தை நாமே எழுதிக்கொள்வோம். இராமநாதபுரக் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இலங்கை வானொலி நம் வீடுகளில் பக்கத்து வீட்டுப் பேச்சைப் போலத் தெளிவாகக் கேட்ட நாட்களில், அறிவிப்பாளர்கள் ஒவ்வொருவருக்கும் நாம் ஒரு முகம் வைத்திருந்தோம் அல்லவா? மூக்கு இப்படி, நெற்றி இப்படி என்று அப்போது நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

புதிதாக எழுத வருபவர்கள் தம் கதைகளைச் சில வேளைகளில் என்னிடம் காட்டுவதுண்டு. அவற்றில் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தால், அகன்ற நெற்றி, கூரிய மூக்கு, அடர்ந்த புருவம், மெல்லிய உதடு என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவார்கள். படித்து முடித்ததும் நம் மனத்தில் எந்த முகமும் நிற்காது. காணாமற் போனவரைப் பற்றிக் காவல் நிலையத்தில் எழுதித் தரும் அடையாளக் குறிப்புக்கு அது போதும்; கதைக்குப் போதாது.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பாடம் எந்த நூலிலிருந்தும் வந்ததன்று. பாம்பன் பக்கத்தில், படகுகளுக்குப் பெயர் எழுதும் ஓவியர் ஒருவரின் பட்டறையில் கிடைத்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத மகனின் படத்தை வரைந்து வாங்குவதற்காக ஒரு தாய் அவரிடம் வந்திருந்தார். கைவசம் இருந்தது ஒரு திருமண வீட்டில் பலரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் மட்டுமே; அதில் அந்தப் பையன் பின்வரிசையில், முன்னால் நின்றவரின் தோளுக்கு மேல் கழுத்து வரைதான் தெரிந்தான். ஓவியர் முகத்தைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே தம் கற்பனையில் ஒரு வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பித்தான் வரை ஒழுங்காகப் பூட்டி, பிளைவுட் பலகையில் எனாமல் வண்ணத்தில் எழுதி முடித்திருந்தார். நான் பார்த்த அளவில் முகம் அச்சாகவே இருந்தது. அந்த அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "மொகமெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா எம்புள்ள என்னிக்குக் கழுத்துப் பித்தான் போட்டான்?" என்றார். ஓவியர் மறுபேச்சுப் பேசவில்லை. காய்ந்திருந்த வண்ணத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு, சட்டையின் கழுத்தைத் திறந்துவிட்டார். உள்ளே என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டு, கறுப்புக் கயிற்றில் ஒரு சிறிய சிலுவையையும் எழுதினார். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. "இப்பத்தான் எம்புள்ள" என்று சொல்லி, தாம் கொண்டு வந்திருந்த பழைய சேலையில் பலகையைச் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனார் அந்த அம்மா.

காளிதாசருக்கும் இது தெரிந்திருந்தது. மறைமலையடிகள் தமிழில் தந்த சாகுந்தல நாடகத்தை நேயர்களில் பலர் படித்திருப்பீர்கள். அதன் ஆறாம் அங்கம் ஒரு மீனவரோடு தொடங்குகிறது என்பதை நம் கரையில் இருந்துகொண்டு நான் சொல்லாமல் விடலாகாது. மீனின் வயிற்றில் கிடைத்த அரச மோதிரத்தை விற்கப் போன அவரைக் காவலர்கள் திருடன் என்று கட்டி இழுத்துப் போகிறார்கள். உழைத்துப் பிடித்த மீனுக்கு அன்றைக்கும் இந்தக் கதிதான். மோதிரத்தைக் கண்ட அரசன் துஷ்யந்தனுக்கு நினைவு திரும்புகிறது. மறந்துபோய் விரட்டிவிட்ட சகுந்தலையை இனி எங்கே தேடுவது என்று தெரியாமல், அவளையும் தோழியர் இருவரையும் தன் கையாலேயே படமாக எழுதி வைத்துக்கொண்டு அதன் முன் உட்கார்ந்திருக்கிறான்.

இனிக் கவனியுங்கள். உடனிருக்கும் விதூஷகன், அதாவது அரசனின் வேடிக்கைத் தோழன், சகுந்தலையைப் பார்த்தவனல்லன். படத்திலுள்ள மூன்று பெண்களில் அவள் யார் என்று அவனே ஊகித்துச் சொல்ல வேண்டும். கொண்டை நெகிழ்ந்து பூக்கள் உதிர, முகத்தில் வியர்வை அரும்ப, கைகள் சோர்ந்து தொங்க, தண்ணீர் ஊற்றிய மாமரத்தின் பக்கத்தில் சற்றே களைத்து நிற்பவள்தான் என்கிறான். கண்ணைப் பற்றியும் மூக்கைப் பற்றியும் அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் செய்துகொண்டிருந்த வேலையைத்தான் சொல்கிறான். அதற்கு மறுமொழியாக அரசன் காட்டுவது இதைவிட வியப்பானது. படத்தின் கோட்டு ஓரங்களில் தன் வியர்த்த விரல் பட்டு அழுக்கேறிய தடத்தையும், கன்னத்தில் தன் கண்ணீர்த் துளி விழுந்து வண்ணம் உப்பியிருப்பதையும் காட்டுகிறான். ஒரு முகத்தை வருணிக்க வேண்டிய இடத்தில், வரைந்தவனின் விரல் அழுக்கை வருணிக்கத் துணிந்த கவியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தப் படம் முடிந்ததும் அன்று. இன்னும் மாலினி ஆற்று மணலில் அன்னச் சோடி எழுத வேண்டும், மரவுரி காயப்போட்ட மரம் எழுத வேண்டும், அதன் நிழலில் கலைமானின் கொம்பில் தன் இடக்கண்ணைத் தேய்த்துக்கொள்ளும் பெண்மான் எழுத வேண்டும் என்று அவன் அடுக்கிக்கொண்டே போகிறான். படத்தில் எழுதிய வண்டு அவள் முகத்தை நெருங்குவதைக் கண்டு அதை அதட்டுகிறான். இது படமையா என்று விதூஷகன் நினைவூட்டியதும், என் காதலியை மறுபடியும் வெறும் படமாக்கிவிட்டாயே என்று வருந்துகிறான். பிறகு பட்டத்தரசி வருகிறாள் என்று தெரிந்ததும், அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலை விதூஷகனுக்கு வந்து சேர்கிறது.

படத்தை அரசி பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று அறிய விரும்புவோர் சீவக சிந்தாமணிக்கு வரலாம். யானையின் முன் அஞ்சி நின்ற குணமாலையைக் காத்த சீவகன் அவள் உருவத்தை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மனைவி காந்தருவதத்தை வந்து கண்டு ஊடுகிறாள். எழுதிய முகம் எப்படி இருந்தது என்பதைக் காட்டிலும், அவன் அதை எழுதினான் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது.

சேதுக் கரையில் இருந்துகொண்டு இராமன் கதையைத் தொடாமல் போகலாமா? எட்டாம் நூற்றாண்டினரான பவபூதியின் உத்தரராம சரிதம் என்ற வடமொழி நாடகத்தில், முடி சூடிய பின் இராமனும் சீதையும் இலக்குவனும் தங்கள் வாழ்க்கையையே ஓவியங்களாகப் பார்க்கிறார்கள். மணக்கோலப் படத்தில் இது நீங்கள், இது மாண்டவி, இது சுருதகீர்த்தி என்று இலக்குவன் காட்டுகிறான். அப்படியானால் இன்னொருத்தி இருக்கிறாளே, இவள் யார் என்று சீதை குறும்பாகக் கேட்கிறாள். தன் மனைவி ஊர்மிளையைத் தாண்டிவிட முயன்றவன் வெட்கப்பட்டு, பேச்சை மாற்றிப் பரசுராமன் படத்துக்கு ஓடுகிறான். ஊர்மிளையைப் பற்றி அங்கே ஒரு வருணனையும் இல்லை. அந்த ஒரு தயக்கத்திலேயே அவள் வந்துவிடுகிறாள். சூர்ப்பணகையின் படத்தைக் கண்டு சீதை நடுங்க, இது படம்தான் என்று இராமன் தேற்றுகிறான். காடுகளையெல்லாம் படத்தில் பார்த்தவளுக்கு மறுபடியும் அங்கே போக ஆசை பிறக்கிறது; தேர் பூட்டச் சொல்கிறார்கள்; அதற்குள் ஊராரின் பழிச்சொல் வந்து சேர்கிறது. அவள் ஆசைப்பட்டுக் கேட்ட தேர்தான் அவளைக் காட்டில் கொண்டுபோய் விடுகிறது. படத்தைக் கதையின் அச்சாணியாக்குவது என்றால் இதுதான்.

நம் ஊர் இராமநாதபுர அரண்மனையின் இராமலிங்க விலாச மண்டபத்திலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மன்னர் முத்து விஜயரகுநாத சேதுபதி தம்மைத் தாமே சுவரெங்கும் எழுதச் செய்திருக்கிறார். அம்மன் இராஜராஜேசுவரியிடம் செங்கோல் பெறுபவராகவும், ஐரோப்பியரை வரவேற்பவராகவும், தஞ்சை மராத்தியரோடு பொருதுபவராகவும் அவரை அங்கே காணலாம். அந்த மண்டபத்தில் நடக்கும் நல்ல கதை ஒன்றை எவரும் எழுதக் காணோமே என்பது என் நெடுநாள் குறை. அதைப் பற்றித் தனியாகவே பேசலாம். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

ஆகவே மேலைநாட்டுக் கதைகளை விரைந்து சொல்கிறேன். 1901இல் தொடராக வரத் தொடங்கிய பாஸ்கர்வில் வேட்டை நாயின் கதையில், ஷெர்லாக் ஹோம்ஸ் இரவில் மெழுகுவத்தியை உயர்த்திப் பிடித்து, பழைய முன்னோர் படத்திலுள்ள அகன்ற தொப்பியையும் சுருள் முடியையும் தம் கையால் மறைக்கிறார். எஞ்சிய முகம் அதுவரை நாம் பழகிய ஓர் ஆளின் முகமாக நிற்கிறது. கானன் டாயில் முதலில் உடையை வருணித்தது, முகத்தை அதற்குப் பின்னால் ஒளித்து வைப்பதற்காகத்தான். ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'உருவப்படம்' கதையில் வரும் ஓவியன் அடிமாட்டு விலைக்கு ஒரு கிழவரின் படத்தை வாங்குகிறான். அதில் நாம் மறக்க முடியாதவை கண்கள் மட்டுமே. ஆஸ்கார் வைல்டின் டோரியன் கிரே 1890இல் ஓர் இதழில் வெளிவந்தது. அதில் நாயகனுக்குப் பதிலாகக் கிழடு தட்டும் அவனது படத்தின் முதல் மாற்றம் வாயோரத்தில் தோன்றும் ஒரு கொடுமைக் குறி, அவ்வளவுதான். முடிவில் வேலைக்காரர்கள், சுருங்கிக் கிடக்கும் பிணம் யாருடையது என்பதை முகத்தால் அறிய இயலாமல், விரல்களிலிருந்த மோதிரங்களைக் கொண்டே அறிகிறார்கள்.

ஓவியர் அண்ணாமலையை நாயகனாகக் கொண்ட அகிலனின் சித்திரப் பாவையையும், பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது மணியம் வரைந்த முகங்கள் வாசகர் மனத்தில் கல்கியின் சொற்களை எவ்வாறு முந்திக்கொண்டன என்பதையும் கடைசியாகப் பேச வைத்திருந்தேன். அதற்கு இன்று நேரமில்லை. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.