சுங்கானில் மூன்று இலை: ஆங்கிலக் கலவையின் சுவை

நேயர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பில் சுங்கான் பிடிப்பவர்கள் இன்று அதிகம் இல்லை. இருக்கிறவர்களுக்கும் நல்ல புகையிலை பெரும்பாலும் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் சொந்தக்காரரின் பெட்டியில்தான் வந்து சேர்கிறது. 50 கிராம் தகரப் பேணி. மூடியைத் திறந்தால் வெனிலா, செரி என்று எந்த இனிப்பு வாசனையும் வராது. விறகுப்புகையும் சாம்பிராணியும் பழைய தோலும் கலந்த ஒரு கனத்த மணம் மூக்கில் ஏறும். பழுதாகிவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிபவர்கள் உண்டு. பழுதில்லை. அதுதான் ஆங்கிலக் கலவை.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லவேண்டும். இது ஏற்கெனவே சுங்கான் பிடிக்கும் பெரியவர்களுக்கான உரை. புதிதாக யாரும் தொடங்கவேண்டும் என்பதற்காக நான் பேசவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி நம் நாட்டில் புகையிலையை விளம்பரப்படுத்துவது குற்றம். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதும் குற்றம். ஆகவே எந்தக் கம்பனியின் பெயரும் இந்த உரையில் வராது. பேசப்போவது இலையைப் பற்றி.

ஆங்கிலக் கலவையில் சுவை வெளியிலிருந்து ஊற்றப்படுவதில்லை. வெயில், சூடு, புகை ஆகிய மூன்றினாலும் இலைக்குள்ளேயே உண்டாக்கப்படுகிறது. இதற்கு ஒரு சட்டப் பின்னணியும் இருக்கிறது. புகையிலைக்கு எடை பார்த்து வரி அறவிட்ட காலத்தில், சீனிப்பாகு, வேறு இலைகள் என்று எதையாவது சேர்த்து எடையைக் கூட்டும் கள்ளவேலை பிரித்தானியாவில் பெருகியிருந்தது. 1842இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் கலப்படத்தைத் தடுத்துச் சட்டம் போட்டது. நோக்கம் வரிதான், சுவையல்ல. ஆனால் அப்படிப்பட்ட கட்டுப்பாட்டுக்குள் நெடுங்காலம் தொழில் செய்தவர்கள், எசென்ஸ் ஊற்றாமல் இலைகளைச் சேர்க்கும் முறையினால் மட்டுமே சுவை காட்டப் பழகிக்கொண்டார்கள். வட இங்கிலாந்தின் கெண்டல் பக்கம் பூவாசனை சேர்க்கும் ஒரு மரபு இருக்கிறது, அது தனிக்கதை.

கலவையின் அடித்தளம் வேர்ஜினியா இலை. இதைக் களஞ்சியத்தில் தொங்கவிட்டு, புகை படாமல், குழாய் வழியாக வரும் சூட்டில் ஏறத்தாழ ஒரு வாரம் வாட்டுவார்கள். அந்தச் சூட்டில் மாப்பொருள் சீனியாக மாறி, அந்தச் சீனி இலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மஞ்சள் இலையில் புதிய வைக்கோலின் மணமும் ஒரு சின்னப் புளிப்பும் இருக்கும். சிவந்த இலையில் பாண் மணமும் பழப்பாகின் ஆழமும் வரும். இனிப்பு இந்த இலையின் பலம். சீனி மிகுந்த இலை சூடாக எரிவதால் நாக்கைச் சுடுவதும் இதுதான்.

இரண்டாவது கீழைத்தேய இலை. துருக்கியின் இஸ்மிர், சம்சுன் பக்கங்களிலும் கிரேக்கத்திலும் வறண்ட, சத்துக் குறைந்த மண்ணில் நெருக்கமாக நட்டு வளர்ப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன இலைதான். வெயிலிலேயே காயவைப்பார்கள். நிக்கொட்டின் குறைவு, பிசின் எண்ணெய் அதிகம். லேசான புளிப்பு, உலர்ந்த மூலிகை வாசம், சில இலைகளில் மாட்டுத்தோலின் நெடி. பலர் இந்த இலையைக் கவனிப்பதேயில்லை. என் கணிப்பில் ஒரு கலவை நல்லதா கெட்டதா என்று தீர்மானிப்பதே இதுதான். இனிப்பையும் புகையையும் சேர்த்துக் கட்டும் வேலை இதனுடையது. இது குறைந்தால் இரண்டும் தனித்தனியாக நின்று சண்டை பிடிக்கும்.

மூன்றாவதுதான் அந்தக் கறுப்பு இலை, லத்தாக்கியா. சிரியாவின் துறைமுக நகரம் ஒன்றின் பெயர் அது. வெயிலில் காய்ந்த இலையைக் கட்டிடத்துக்குள் கட்டித் தொங்கவிட்டு, கீழே வாசனை மரங்களையும் புதர்ச்செடிகளையும் வாரக்கணக்கில் புகையவிடுவார்கள். சுடர் எழும்பக்கூடாது, புகை மட்டும். சைப்பிரஸில் இதற்கு மாஸ்டிக் என்ற வாசனைப் பிசின் தரும் புதரினம், மேர்ட்டில் செடி, பைன் போன்றவை பயன்பட்டன. விறகுக்காகக் காடு அழிவதைத் தடுக்க எழுந்த கட்டுப்பாடுகளுடன் சிரியாவில் உற்பத்தி சுருங்கியது; பிற்காலத்தில் சந்தைக்கு வந்த லத்தாக்கியாவில் பெரும்பகுதி சைப்பிரஸ் இலைதான். சிரிய இலை மென்மையானது, வைன் போன்ற புளிப்புள்ளது. சைப்பிரஸ் இலை அதைவிடக் கனமானது, எண்ணெய்ப்பசை கூடியது.

புகையூட்டிய புகையிலை நமக்கு அந்நியமல்ல. யாழ்ப்பாணத்தில் வெற்றிலையுடன் போடும் புகையிலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டுப் பொச்சுமட்டை கொளுத்திப் புகை காட்டுவது பழைய வழக்கம். எரிப்பது வேறு, இலை வேறு, வேலையின் தத்துவம் ஒன்று.

லத்தாக்கியா பற்றி ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. மணம் கடுமையாக இருப்பதால் காரமும் கடுமை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இதில் நிக்கொட்டின் குறைவு, சீனியும் குறைவு. மெதுவாக, குளிர்ச்சியாக எரியும். தலைசுற்றினால் வேகமாக இழுத்ததையோ வெறும் வயிற்றையோ சந்தேகியுங்கள். இந்த இலையின் வேலை கறிக்குள் பெருங்காயம் செய்யும் வேலை: அளவோடு நின்றால் மற்றதெல்லாம் எழும்பும், கூடினால் அது ஒன்றுதான் மிஞ்சும்.

அளவு என்றேன். மென்மையான கலவையில் வேர்ஜினியா 55 முதல் 60 வீதம், கீழைத்தேய இலை 25 வீதம், லத்தாக்கியா 15 முதல் 20 வீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். கனமான கலவையில் லத்தாக்கியா 40 வீதத்தையும் தாண்டும். கீழைத்தேய இலை தூக்கலாக இருந்தால் அதைப் போல்கன் கலவை என்பார்கள். லூசியானாவின் சென் ஜேம்ஸ் பகுதியில் மரப்பீப்பாய்களில் அமுக்கிப் புளிக்கவைக்கும் பெரிக் என்ற இலையைச் சிலர் 5 வீதமளவில் சேர்ப்பார்கள். மிளகுக் காரமும் அத்திப்பழ வாசமும் தரும். இலைகளைத் தனித்தனியாக வாங்கி வீட்டில் கலப்பவர்கள் 10 கிராமில் தொடங்குவது நல்லது: வேர்ஜினியா 5.5, கீழைத்தேயம் 2.5, லத்தாக்கியா 2. கைப்பிடிக் கணக்கு சரிவராது, தராசில் நிறுக்கவேண்டும். கலந்தவுடன் புகைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி இரண்டு மூன்று கிழமை வைத்தால்தான் ஒன்றின் மணம் மற்றதில் இறங்கும்.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல். ஈரம்.

புகைப்பதற்கு இலையில் 12 முதல் 15 வீதம் ஈரம் இருந்தால் நல்லது. பேணியில் வருவது பெரும்பாலும் அதைவிட ஈரமாகவே இருக்கும். ஈர இலை எரியும்போது நீராவி எழும்புகிறது. அது நாக்கை அவிக்கிறது, சுவையை மங்கச் செய்கிறது, சுங்கானின் தண்டில் தண்ணீராகத் தேங்கிக் களகளவென்று சத்தம் போடுகிறது. தீயும் அடிக்கடி அணையும். அணைந்ததென்று பலமாக இழுப்பார்கள், இழுத்ததால் சூடு ஏறும், சூட்டினால் இன்னும் நீராவி. “ஆங்கிலக் கலவை நாக்கைக் கடிக்கிறது” என்று சொல்பவர்களில் அநேகருக்கு நடந்தது இதுதான்.

ஒரு சிட்டிகை இலையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அழுத்தி விடுங்கள். உருண்டையாக ஒட்டி நின்றால் ஈரம் அதிகம். மெல்ல மெல்ல விரிந்தால் பதம். மொறுமொறுத்துப் பொடிந்தால் காய்ந்துவிட்டது. ஈரமாக இருந்தால், அந்த ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வெள்ளைத் தாளில் மெல்லப் பரப்பி விடவேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் விறாந்தையில் அரைமணி நேரம் போதும்; மறந்துபோனால் சருகாகிவிடும். மாரியில் கதை தலைகீழ். காற்றின் ஈரப்பதம் 80 வீதத்துக்கு மேல் நிற்கிற நாளில் இரண்டு மணி நேரம் பரப்பி வைத்தாலும் இலை காயாது, காற்றிலிருந்து இன்னும் ஈரத்தை இழுக்கும். அப்போது குளிரூட்டிய அறையில் வையுங்கள். அல்லது சிறிய மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். வெயிலில் போடவேண்டாம், அடுப்பிலும் வேண்டாம். கீழைத்தேய இலையின் எண்ணெய் வாசம் முதலில் பறந்துபோகும், மிஞ்சுவது கரிநாற்றம்.

நிரப்புவதில் அவசரம் கூடாது. அகலமான கிண்ணம், உள்விட்டம் 20 மில்லிமீற்றர் அளவில் இருந்தால், மூன்று இலையும் ஒரே நேரத்தில் எரிந்து கலவையின் முழுச்சுவையும் கிடைக்கும். அடியில் தளர்வாகத் தூவி, நடுவில் கொஞ்சம் அழுத்தி, மேலே இன்னும் கொஞ்சம் இறுக்கமாக, மூன்று தவணையாக நிரப்புங்கள். கொளுத்துமுன் வெறுமனே இழுத்துப் பார்க்கவேண்டும். இளநீருக்குள் போட்ட குழாயில் இழுப்பதைவிடக் கடினமாக இருந்தால் எல்லாவற்றையும் கொட்டி மீண்டும் நிரப்புங்கள். இறுக்கமாக அடைத்ததைக் குத்திச் சரிசெய்ய முடியாது.

தீக்குச்சியின் மருந்து எரிந்து முடியும்வரை பொறுத்து, சுடரை வட்டமாகச் சுற்றி மேற்பரப்பு முழுவதையும் கருக்குங்கள். இலை மேலே எழும்பும். லேசாக அமுக்கிவிட்டு இரண்டாம் தடவை கொளுத்துங்கள். இதற்குப் பிறகு வேலை மூச்சின் வேகத்தில் நடக்கவேண்டும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்தால் சுடுகிறதென்றால் கீழே வைத்துவிடுங்கள். ஏறத்தாழ 3 கிராம் பிடிக்கும் கிண்ணம் முக்கால் மணி நேரமாவது நிற்கவேண்டும். இருபது நிமிடத்தில் முடிந்தால் இழுத்த வேகம் பிழை.

மேல் மூன்றிலொரு பங்கில் லத்தாக்கியாவின் குரலே ஓங்கும். நடுப்பகுதியில்தான் கீழைத்தேய இலையின் புளிப்பும் மூலிகை வாசமும் தெளியும், வேர்ஜினியாவின் இனிப்பு பின்னால் வரும். வாயிலுள்ள புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியே மெதுவாக விட்டால் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அடிப்பகுதியில் ஈரமும் தாரும் சேர்ந்து கசக்கும். அதை வலிந்து முடிக்கவேண்டியதில்லை, கொட்டிவிடுங்கள். கூடவே குடிக்கச் சீனி குறைந்த பிளேன்ரீ பொருந்தும்.

வெற்றிலை போட்ட வாயுடன் சுங்கான் பிடிப்பது நம் பக்கத்தில் நடக்கிறது. களுதாவளை வெற்றிலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சுண்ணாம்பு பட்ட நாக்குக்குக் கீழைத்தேய இலை தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம், பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயின் காரணங்கள். இரண்டும் ஒரே வாயில் சேரும்போது ஆபத்துப் பெருகும். சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுக்காததால் தீங்கில்லை என்ற பேச்சில் உண்மையில்லை. உதடு, நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் எல்லாம் அந்தப் புகையில் நனைகின்றன. விறகுப்புகையில் பதமான இலையில், புற்றுநோய் உண்டாக்கும் எரிகழிவுச் சேர்மங்கள் கூடுதலாகவே படிந்திருக்கும். வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு கிழமைக்குமேல் ஆறாத புண்ணோ கண்டால் சுங்கானைக் கீழே வைத்துவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும்.

லத்தாக்கியாவின் எண்ணெய், சுங்கான் செய்யும் பிரையர் மரத்தில் ஊறினால் எளிதில் போகாது. அந்தச் சுங்கானில் அடுத்து வெறும் வேர்ஜினியா போட்டால் புகைநெடிதான் வரும். ஆங்கிலக் கலவைக்கென்று ஒரு சுங்கானை ஒதுக்கிவிடுங்கள். புகைத்து முடிந்ததும் தண்டுக்குள் பஞ்சுக் கம்பியை விட்டு ஈரத்தை எடுத்து, குறைந்தது ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். மாரியில் இரண்டு நாள். கிண்ணத்தின் உட்சுவரில் படியும் கரி ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தடித்தால் சுரண்டவேண்டும். விட்டால் கரியும் மரமும் வேறுவேறு அளவில் விரிந்து கிண்ணம் வெடிக்கும்.

திறந்த பேணியை அப்படியே அலுமாரியில் வைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. பேணி மூடி ஒருமுறை திறந்தால் மீண்டும் காற்றை அடைக்காது. ரப்பர் வளையம் உள்ள சிறிய கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி, வாய்வரை நிரப்பி, வெளிச்சம் படாத, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். வெளியே எடுக்கும்போதெல்லாம் போத்தலுக்குள் நீர் வேர்க்கும். இலை மேல் வெள்ளையாக ஏதாவது கண்டால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மினுங்கும் சின்னப் படிகங்கள் என்றால் வேர்ஜினியாவிலிருந்து வெளிவந்தவை, பயமில்லை. பஞ்சுபோல நூல் ஓடி, பூஞ்சண மணம் வந்தால் முழுப் போத்தலையும் கொட்டுங்கள், மேலாக மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் புகைக்கவேண்டாம். நன்றாக அடைத்த போத்தலில் வேர்ஜினியா வருடங்கள் போகப் போக இனிக்கும், லத்தாக்கியாவோ மெல்ல மெல்ல மங்கும். புகைமணம் தூக்கலாக வேண்டுமென்றால் திறந்து ஓரிரு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். மென்மை வேண்டுமென்றால் மூடியில் திகதியை எழுதி ஐந்து வருடம் விட்டுவிடலாம்.

வணக்கம்.