மோசஸ் வெட்டிய முகங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கேமரா வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் ஒருவருடைய முகத்தைப் பக்கவாட்டில் காகிதத்தில் வெட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. எண்ணெய் ஓவியத்துக்குக் கை நிறையப் பணம் வேண்டும். இந்த நிழலுருவத்துக்குச் சில்லறை போதும். வாஷிங்டன், ஜெஃபர்சன் போன்ற பெரிய தலைவர்களுக்கும் இப்படிப் படங்கள் உண்டு. அவற்றில் யார் இருக்கிறார் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். வெட்டியவர் ஒருவரைப் பற்றி நான் பேசப்போகிறேன்.

ஃபிலடெல்ஃபியாவில் சார்ல்ஸ் வில்சன் பீல் என்ற ஓவியர் ஓர் அருங்காட்சியகம் நடத்திவந்தார். 1802-ல் அங்கே ஃபிசியோக்னோட்ரேஸ் என்ற கருவி வந்தது. அமர்ந்திருப்பவரின் நெற்றி, மூக்கு, உதடு, தாடை என்று ஒரு சிறு பித்தளைத் துண்டை ஒட்டி நகர்த்தினால், மறுமுனை அதே கோட்டைச் சிறிதாக்கிக் காகிதத்தில் பதிக்கும். காகிதத்தை இரண்டு தடவை மடித்திருப்பார்கள். ஒரே வெட்டில் நான்கு படம். வெட்டியதும் தலை தனியாக விழுந்துவிடும். ஓட்டை விழுந்த வெள்ளைக் காகிதத்தின் பின்னால் கறுப்புக் காகிதத்தையோ துணியையோ வைத்தால் முகம் தெரியும்.

அந்தக் கருவியை இயக்கியவர் மோசஸ் வில்லியம்ஸ். 1777-ல் பிறந்தவர், பீலின் வீட்டில் அடிமையாக வளர்ந்தவர். பீல் தம் மகன்களுக்கு ராஃபேல், ரெம்ப்ராண்ட், ரூபன்ஸ், டிஷியன் என்று ஓவியர்களின் பெயரை வைத்துத் தூரிகையையும் கொடுத்தார். மோசஸுக்குக் கிடைத்தது கத்தரிக்கோல். கருவி கோட்டைத்தான் தரும். இமையையும் பறக்கும் முடிக்கற்றையையும் கைதான் வெட்ட வேண்டும். அதில் அவர் தேர்ந்தவர். விடுதலை கிடைத்தபின் அங்கேயே தொழிலாக நடத்தினார். படம் வெட்ட 8 சென்ட். 1803-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட படங்கள்! அந்த வருமானத்தில் வீடும் வாங்கினார். ஆனால் காகிதத்தில் பதிந்ததோ ‘மியூசியம்’ என்ற முத்திரை மட்டும்.

பிற்பாடு, 1839-ல் வந்த பிரெஞ்சுக்காரர் ஓகுஸ்த் எடுவார் எந்தக் கருவியும் இல்லாமல், முகத்தைப் பார்த்தபடியே ஆளை முழு உருவமாக வெட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை எடுத்து, பெயர், ஊர், தேதி எழுதித் தொகுப்பில் ஒட்டிவைத்தார். 1849-ல் திரும்பும்போது கப்பல் உடைந்து பல தொகுப்புகள் கடலோடு போயின. அப்படியும் அவர் பெயர் நிலைத்தது. மோசஸுக்கு அந்த வாய்ப்பே இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, மோசஸின் முகம் எப்படி இருந்தது? ஃபிலடெல்ஃபியா நூலக நிறுவனத்தில் ஒரு படம் இருக்கிறது. ‘மோசஸ் வில்லியம்ஸ், முகம் வெட்டுபவர்’ என்று அதில் எழுதியிருக்கிறது. வெகுகாலம் அதை ராஃபேல் பீல் செய்ததாகவே சொல்லிவந்தார்கள். கூர்ந்து பார்த்தால், தலைமுடியருகே கத்தரிக்கோல் கருவியின் கோட்டை விட்டு விலகிப் போயிருக்கிறது. அதை வைத்து, மோசஸ் தன் முகத்தைத் தானே வெட்டிக்கொண்டார் என்று வாதிடுகிற கலை வரலாற்றாளர் உண்டு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அடுத்தவர் முகத்தில் கோடு தவறாமல் வெட்டிய கை அது. இங்கே விலகியது தவறி விலகியதாக இருக்காது.