கல்ச்சர், பிசிஆர்ல வராத கிருமி சீக்வென்சிங்ல வந்துடுமா?

ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "குழந்தைக்கு மூளைக்காய்ச்சல்னு அட்மிட் பண்ணியிருக்கோம். கல்ச்சர், பிசிஆர் ரெண்டுலயும் ஒண்ணும் வரலை. சீக்வென்சிங் பண்ணா கண்டிப்பா தெரிஞ்சுடுமா?"

கண்டிப்பான்னு சொல்ல முடியாதுங்க. கல்ச்சர்னா கிருமியை லேப்ல வளர்த்துப் பார்க்கிறது, பிசிஆர்னா ஒரு குறிப்பிட்ட கிருமியோட மரபணுவைத் தேடுறது, சீக்வென்சிங்னா சாம்பிள்ல இருக்கிற மரபணுவையெல்லாம் படிக்கிறது. 2019ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல குழந்தைங்க, பெரியவங்கன்னு 204 பேரோட முதுகுத்தண்டு நீரைப் பார்த்தாங்க. உறுதியான 58 தொற்றுல, ஆஸ்பத்திரி டெஸ்ட்ல சிக்காம சீக்வென்சிங்ல மட்டும் சிக்கினது 13. சீக்வென்சிங்ல தப்பிச்சது 26. அதுல 11, உடம்பு கிருமிக்கு எதிரா உருவாக்குற ஆன்டிபாடியைப் பார்த்துதான் தெரிஞ்சுது. அதனால மத்த டெஸ்டை நிறுத்திட்டு இதை மட்டும் நம்பி உட்காரக்கூடாது.

பிசிஆர்ல எந்தக் கிருமின்னு முன்கூட்டியே யோசிச்சுத்தான் தேடணும். சீக்வென்சிங்ல அப்படியில்ல, சாம்பிள்ல இருக்கிற மரபணுத் துண்டு எல்லாத்தையும் படிச்சு, அப்புறம் இது எந்தக் கிருமியோடதுன்னு கம்ப்யூட்டர்ல ஒப்பிடுறாங்க. 2014ல வெளியான ஒரு கேஸ், 14 வயசுப் பையன், பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லை. மூளைத் திசுவைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிற பயாப்சி வரைக்கும் போயும் ஒண்ணும் பிடிபடலை. அவன் முதுகுத்தண்டு நீர்ல படிச்ச 30 லட்சத்துக்கு மேற்பட்ட துண்டுல வெறும் 475 தான் லெப்டோஸ்பைரா, அதாவது எலிக்காய்ச்சல் கிருமி. அதை வெச்சு மருந்து கொடுத்து, 32 நாள்ல பையன் வீட்டுக்குப் போயிட்டான்.

அந்த 475ஐ கவனிங்க. மீதியில பெரும்பகுதி நோயாளியோட சொந்த டிஎன்ஏதான். முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கும்போது ரத்தம் கலந்தாலோ, நீர்ல வெள்ளணு ரொம்ப இருந்தாலோ, கிருமியோட பங்கு இன்னும் அமுங்கிடும். ரத்தம் கலந்த முதல் டியூபை இதுக்கு அனுப்பாதீங்க, தெளிவா வர்ற கடைசி டியூபை அனுப்புங்க. சின்னக் குழந்தைகிட்ட அதிகம் எடுக்க முடியாது. அதனால எந்த டெஸ்டுக்கு எவ்வளவுன்னு ஊசி போடுறதுக்கு முன்னாடியே பிரிச்சு வெச்சுக்கணும். சில வைரஸோட மரபணு டிஎன்ஏவா இல்லாம ஆர்என்ஏவா இருக்கும். ஆர்என்ஏ சீக்கிரம் சிதைஞ்சுடும், மைனஸ் 80 டிகிரியில அன்னிக்கே உறைய வைக்கணும். லேப்ல ஆர்என்ஏவும் படிக்கிறாங்களான்னு கேளுங்க. டிஎன்ஏ மட்டும்னா ஆர்என்ஏ வைரஸான என்டரோவைரஸ், டெங்கு ரெண்டும் வராது. இதைக் கேட்க மறந்துட்டு, நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பார்த்து வைரஸ் இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க.

பாசிட்டிவ் வந்தாலும் நிதானம் வேணும். க்யூட்டிபாக்டீரியம்ங்கிற பாக்டீரியா சாதாரணமாவே தோல்ல இருக்கிறது. ரால்ஸ்டோனியாங்கிற பாக்டீரியா பெரும்பாலும் லேப் கெமிக்கல்லேருந்தே வரும். அதே ரன்ல வெறும் தண்ணி போட்ட கன்ட்ரோல்லயும் அது வந்திருக்கான்னு கேளுங்க. எச்எச்வி-6 வைரஸ் சுமார் 100ல ஒருத்தருக்குப் பிறப்பிலேயே குரோமோசோம்ல ஒட்டியிருக்கும், அவங்க சாம்பிள்ல எப்பவும் தெரியும். மூக்கு, தொண்டை சாம்பிள்னா நிமோனியா வரவைக்கிற நிமோகாக்கஸ், சளி வரவைக்கிற ரைனோவைரஸ் எல்லாம் நல்லா இருக்கிற குழந்தைகிட்டயே கிடைக்கும்.

டிபி, பூஞ்சை ரெண்டுக்கும் செல் சுவர் கெட்டி. பாசிமணி மாதிரி சின்னச் சின்னத் துகள் போட்டுக் குலுக்கி உடைக்கலைன்னா டிஎன்ஏ சரியா வெளிய வராது. டிபி சந்தேகம் இருந்தா, இதுல நெகட்டிவ்னு மருந்தை நிறுத்தாதீங்க. ஆன்டிபயாடிக் கொடுத்தப்புறம் கல்ச்சர்ல வளராத பாக்டீரியாகூட இதுல தெரியலாம், ஆனா எந்த மருந்து கேக்கும்னு சொல்ல இன்னும் கல்ச்சர்தான் நம்பகமானது.

இன்னொண்ணு, மூளை வீங்கிப்போற மூளையழற்சி எல்லாமே கிருமியால வர்றதில்ல. சில சமயம் உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும். அதைக் கண்டுபிடிக்கிற என்எம்டிஏ ஆன்டிபாடி டெஸ்டையும் சேர்த்தே அனுப்புங்க. ரிப்போர்ட் வர சில நாள் ஆகும், அதுவரைக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கான அசைக்ளோவிரையும் ஆன்டிபயாடிக்கையும் டாக்டர் சொல்லாம நிறுத்தக்கூடாது.