4 லட்சம் எழுத்துகள் தொலைந்தால் வரும் புற்றுநோய்

வணக்கம் நண்பர்களே! மதுவைத் தொட்டதில்லை, கல்லீரல் அழற்சி வந்ததில்லை. ஆனாலும் 16 வயதில் கல்லீரல் புற்றுநோய்! வழக்கமாக இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

இதன் பெயர் ஃபைப்ரோலாமெல்லர் கார்சினோமா. பதின்வயதினரையும் இளைஞர்களையும் தாக்கும் அரிய நோய். மரபணு என்பது புரதம் செய்வதற்கான செய்முறைக் குறிப்பு என்பது நினைவிருந்தால் போதும்.

[திரையில்: 19ஆம் குரோமோசோம்]

இங்கே சுமார் 4,00,000 டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு அறுந்துபோகிறது. நடுப்பக்கங்கள் கிழிந்த புத்தகத்தில், முன்பக்கத்துப் பாதி வாக்கியம் எங்கோ இருக்கும் இன்னொரு வாக்கியத்தோடு சேர்ந்துகொள்வதைப் போல, டிஎன்ஏஜேபி1, பிஆர்கேஏசிஏ என்ற இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. அளவோடு உருவாக வேண்டிய ஒரு நொதி அளவின்றி உருவாகிறது.

2014இல் வெளியான ஆய்வில், பரிசோதித்த 15 நோயாளிகளின் கட்டிகளிலும் இதே இணைவு! பக்கத்திலிருந்த ஆரோக்கியமான கல்லீரலில் அது இல்லவே இல்லை. எனக்கு மெய்சிலிர்த்தது எதற்குத் தெரியுமா? அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர், இதே நோயிலிருந்து மீண்ட பள்ளி மாணவி!

பெரும்பாலும் எலும்பில் வரும் யூவிங் சர்கோமா என்ற புற்றுநோயும் இப்படித்தான். நுண்ணோக்கியில் அதன் செல்கள் சிறியதாக, உருண்டையாக, நீலமாகத் தெரியும். வேறு பல குழந்தைப் புற்றுநோய்களும் அப்படியேதான் தெரியும். பிரித்துச் சொல்வது ஈடபிள்யூஎஸ்ஆர்1 மரபணு இணைவு.

பெயர் தெரிந்தவுடன் மருந்து கிடைத்துவிடாது. ஃபைப்ரோலாமெல்லருக்கு இன்றும் அறுவை சிகிச்சையே முதன்மை. ஆனால் 2018இல் அமெரிக்கா அனுமதித்த லாரோட்ரெக்டினிப் என்ற மருந்து, கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் என்டிஆர்கே மரபணு இணைவு இருந்தால் குழந்தைகளுக்கும் கொடுக்கப்படுகிறது. அதனால்தான், இளவயதில் அரிய புற்றுநோய் என்றால் மரபணுப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளவே கூடாது என்கிறேன்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மேலே சொன்னவை கட்டியில் மட்டும் நேரும் மாற்றங்கள். பரம்பரையாகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் லீ-ஃபிராமெனி நோய்க்குறி போன்றவற்றில் டிபி53 மரபணுவின் பழுது பிறவியிலேயே உடலெங்கும் இருக்கும். அதை ரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டிவரலாம்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்தச் சூழலில் இருந்தால் இந்த வீடியோவை அனுப்புங்கள். பரிசோதனைக்கு எடுத்த திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டை ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால், பெரும்பாலும் மீண்டும் ஊசி குத்தாமல் அதிலிருந்தே மரபணுவைப் படித்துவிடலாம்.