பாளை சீவுகிறவரும் பனித்தளமும்

நேயர்களுக்கு வணக்கம்.

கண்ணால் பார்க்கவேண்டிய ஒன்றைப் பற்றி வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். காதுக்கு அதை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஓர் ஓசை நினைவுக்கு வந்தது. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து நேயர்கள் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிற ஓசை அது. விடிவதற்கு முன் தென்னந்தோப்பில் ஒருவர் பாளை அரிவாளைப் பலகையில் தீட்டுவார். சர்ர் என்று நீண்டு போய், முடிவில் தேய்ந்து அடங்கும். தேர்ந்த ஸ்கேட்டிங் கலைஞர் ஒருவர் பனித்தளத்தில் ஆழமான வளைவு ஒன்றை எடுக்கும்போது கேட்பதும் கிட்டத்தட்ட அதே ஓசைதான். கரகரவென்று கேட்டால் கால் இடம் தவறியிருக்கிறது, பூட்ஸின் அடியில் இருக்கிற கத்தி ஐஸைச் சுரண்டுகிறது என்று பொருள்.

ஃபிகர் ஸ்கேட்டிங் என்கிற இந்தப் பனிச்சறுக்கு நடனத்தை இதுவரை பார்த்திராத ஒருவருக்கு முதலில் எந்த நிகழ்ச்சியைக் காட்டலாம்? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் கனடாவில் நர்ஸ். அவள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்தபோது இந்தக் கலை என்னைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பியதும் எங்கள் வாசகசாலையில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வெள்ளைச் சுவரில் புரொஜெக்டர் வைத்துக் காட்டத் தொடங்கினேன். அப்போது ஏப்ரல் மாதம். பாலக்காட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டு நின்றது. ஐஸைப் பார்த்தாலாவது குளிருமே என்று வந்தவர்களும் உண்டு. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

முதல் மாலையிலேயே தவறு செய்துவிட்டேன். உயர்ந்ததிலிருந்து தொடங்கவேண்டும் என்று நினைத்து, 2010ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் கிம் யூனா தங்கம் வென்ற நிகழ்ச்சியைப் போட்டேன். மொத்தம் 228.56 புள்ளிகள், அன்றைக்கு அது உலக சாதனை. கெர்ஷ்வினின் பியானோ இசைக்கு அவர் ஆடியதில் ஒரு சிறு தடுமாற்றம்கூட இல்லை. அந்தத் தடுமாற்றமின்மையே எனக்கு எதிராகத் திரும்பியது. வழுக்குகிற தரையில் ஒரு பெண் அழகாகப் போய்வருகிறாள், அவ்வளவுதானே என்றுதான் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. போதாததற்கு நான் நடுநடுவே நிறுத்தி, இது லுட்ஸ், இது சால்கோ என்று தாவல்களின் பெயர்களைச் சொல்லி வகுப்பு எடுத்தேன். பாதிப் பேர் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் எனக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பதக்கத்தைப் பார்த்து நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் கண் எதில் பழகியது என்று ஒரு நொடிகூட நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம், கனடாவிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய ஸ்கேட்டிங் பூட்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். படம் போடுவதற்கு முன் அதைக் கைமாற்றி எல்லோரும் பார்க்கும்படி செய்தேன். பூட்ஸின் அடியில் இருக்கிற கத்தியின் தடிமன் சுமார் நான்கு மில்லிமீட்டர். அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் மெல்லிய வாய்க்கால்போல ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்துக்கு இருபுறமும் இரண்டு விளிம்புகள். முன்முனையில் வாள்பல் போன்ற பற்கள். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் இரண்டு விளிம்புகளும் தனித்தனியாகத் தட்டுப்படும். ஸ்கேட்டிங் என்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஏதாவது ஒரு விளிம்பின்மேல் உடலைச் சாய்த்துப் போவதுதான். உள்விளிம்பா, வெளிவிளிம்பா, முன்னோக்கியா, பின்னோக்கியா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எங்கள் தெருவில் மரம் ஏறுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாகக் கள் இறக்குகிறவர். பூட்ஸ் அவர் கைக்குப் போனது. மற்றவர்கள் எடையைப் பார்த்தார்கள், லேஸைப் பார்த்தார்கள். அவர் கத்தியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். "டீச்சர், இது நேராக இல்லை, லேசாக வளைந்திருக்கிறது" என்றார். உண்மைதான். முன்னிருந்து பின்வரை கத்தி மெல்லிய வில்லாகத்தான் இருக்கும். ஐஸின்மேல் ஒரே நேரத்தில் படுவது அதன் சிறு பகுதி மட்டுமே. சற்றே முன்பாரம், சற்றே பின்பாரம் கொடுத்து ஆடுவதற்கு அந்த வளைவு தேவை. எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு குளிர்காலம் பிடித்தது. அவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

பிறகுதான் படம் போட்டேன். இப்போதும் யார் கேட்டாலும் முதலில் காட்டச் சொல்வது அதைத்தான். 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 14, சரயேவோ ஒலிம்பிக், பிரிட்டனின் ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன், ராவேலின் பொலேரோ இசை. டார்வில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவர், டீன் போலீஸ்காரர். இருவரும் நாட்டிங்ஹாம் ஊர்க்காரர்கள்.

ஏன் இது? பொலேரோவின் அடியில் ஒரே ஒரு தாளம் தொடக்கம் முதல் முடிவுவரை திரும்பத் திரும்ப வருகிறது. மெதுவாக எழுந்து, கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, முழக்கமாகி உடைகிறது. நெம்மாறை வல்லங்கி வேலாத் திருவிழாவில் விடிய விடிய நின்று பஞ்சவாத்தியம் கேட்டவர்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. பதிகாலத்தில் நிதானமாகத் தொடங்கிக் காலம் குறுகக் குறுகக் கை தானாக உயர்கிற அந்த அனுபவம் அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது. பின்வரிசையில் இருந்த இளைஞர்களின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போடத் தொடங்கியதை நான் பார்த்தேன்.

இந்த நிகழ்ச்சியின் தொடக்கத்தில் இருவரும் ஐஸின்மேல் முழங்காலிட்டிருப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. பதினேழு நிமிட இசையை எவ்வளவு வெட்டியும் 4 நிமிடம் 28 விநாடிக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை. விதியோ 4 நிமிடம் 10 விநாடிக்குமேல் அனுமதிக்காது. ஆனால் கத்தி ஐஸில் பட்ட பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்றும் விதி சொன்னது. எனவே முதல் பதினெட்டு விநாடிகள் முழங்காலிலேயே ஆடினார்கள். அந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்த தொடக்கம்தான் இன்றுவரை எல்லோர் மனத்திலும் நிற்கிறது. கலைத்திறனுக்கு ஒன்பது நடுவர்களும் அன்றைக்கிருந்த முழு மதிப்பெண்ணான ஆறைக் கொடுத்தார்கள்.

இந்தக் கணக்கை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல்முறை ஒன்றும் சொல்லாமல் போட்டேன், வர்ணனையாளர் குரலையும் அடக்கிவிட்டு. முடிந்ததும் சொன்னேன், பிறகு மறுபடியும் போட்டேன். இரண்டாம் முறை கூடம் முழுக்க அந்தப் பதினெட்டு விநாடியை எண்ணிக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பாட்டி ஒருவர் மட்டும், "அவர்கள் புருஷன் பொண்டாட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் எவ்வளவு நம்பிக்கை இருக்கவேண்டும்" என்றார். நடுவர்களின் மதிப்பெண்ணைவிட அந்தச் சொல் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பொலேரோவுக்குப் பிறகு, விழுவதைக் காட்டவேண்டும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஐஸ் எவ்வளவு கடினமானது என்பதைப் புதியவர் ஒருமுறையாவது கண்ணால் பார்க்காவிட்டால், பின்னால் பார்க்கிற எதற்கும் மதிப்பு வராது. அதற்கு 2014ஆம் ஆண்டு சோச்சி ஒலிம்பிக்கில் ஜப்பானின் அசாதா மாவோ ஆடிய இரண்டு நாட்களையும் அடுத்தடுத்துக் காட்டுவேன். முதல் நாள் குறுநிகழ்ச்சியில் அவருடைய அடையாளமான மூன்றரைச் சுற்று ஆக்ஸல் தாவலில் விழுந்தார். அடுத்தடுத்தும் தவறின. பதினாறாம் இடம். உலகப் பட்டங்கள் வென்றவர், அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வாங்குவார் என்று ஒரு தேசமே காத்திருந்தது. மறுநாள் ராக்மனினோவின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ. முதல் தாவலே அதே ஆக்ஸல். இந்த முறை இறங்கினார். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக மும்மைத் தாவல்கள் எல்லாவற்றையும் முடித்து, கடைசியில் அண்ணாந்து நின்றபோது அவர் முகம் அழுகையில் உடைந்தது. உடனே அதைச் சிரிப்பாக்கிக் குனிந்து வணங்கினார்.

வாசகசாலையில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் தவறி, மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை என்னிடம் வந்து, "என்ன பதக்கம் கிடைத்தது டீச்சர்?" என்றாள். பதக்கம் இல்லை, ஆறாம் இடம் என்றேன். கொஞ்சநேரம் நின்றாள். "இன்னொரு தடவை போடுவீர்களா?" என்று கேட்டாள்.

எதை முதலில் காட்டக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். நம் மக்களுக்கு நம் பாட்டுதானே பிடிக்கும் என்று எண்ணி, அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் இருவரும் 2010 வான்கூவரில் ஆடிய இந்திய நடனத்தை எடுத்துவைப்பார்கள். இந்தித் திரைப்பாடல்களுக்கு, முத்திரைகளைக் கற்றுக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு செய்த நிகழ்ச்சி அது. எனக்கும் பிடிக்கும். ஆனால் முதல் நாளில் வேண்டாம். நம்மவர்கள் உடனே நடுவர்களாகிவிடுகிறார்கள். கை சரியா, கழுத்து சரியா, பொட்டு சரியா என்று பார்க்கிறார்கள். காலை யாருமே பார்ப்பதில்லை. ஐந்தாறு மாதம் கழித்துக் காட்டினேன். எங்கள் ஊரில் பரதம் கற்றுக்கொள்கிற பெண்கள் அப்போது அந்த இருவரின் முழங்கால் மடிப்பைப் பற்றிப் பேசினார்கள்.

பந்து விளையாடுகிற பையன்களுக்குத் தாவல்தான் வேண்டும். 2022 செப்டம்பரில் லேக் பிளாசிடில் பதினேழு வயது இலியா மலினின் நாலரைச் சுற்று ஆக்ஸலைப் போட்டியில் முதன்முதலாக இறக்கிய காட்சி இருக்கிறது. முதலில் மெதுவான ஓட்டத்தில் காட்டுங்கள், பிறகு இயல்பான வேகத்தில். ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். மாற்றிக் காட்டினால் என்ன நடந்ததென்றே தெரியாது. ஆறு வகைத் தாவல்களின் பெயரை எல்லாம் ஒப்பிக்கச் சொல்லவேண்டாம். ஆக்ஸல் ஒன்று போதும், அது ஒன்றுதான் முன்னோக்கிப் பார்த்தபடி எழும்புவது. அதே பையன்களுக்கு, 1998 நாகானோவில் பிரான்சின் சூர்யா பொனாலி பின்னால் குட்டிக்கரணம் அடித்து ஒற்றைக் காலில் இறங்கியதையும் காட்டினேன். அது அன்று தடைசெய்யப்பட்ட அசைவு. அவர் தெரிந்தேதான் செய்தார். பத்தாம் இடம் வந்தார். 2024இல்தான் அந்தத் தடை நீங்கியது. அவர் செய்தது சரியா தவறா என்று பையன்கள் வாசகசாலைத் திண்ணையில் ஒன்பது மணிவரை சண்டை போட்டார்கள்.

ஒரே ஒரு ஜோடியை மட்டும் நான் நெடுநாள் எடுக்காமல் வைத்திருந்தேன். ரஷ்யாவின் எகதெரினா கோர்தியேவா, செர்கேய் கிரின்கோவ். 1988லும் 1994லும் தங்கம். கணவன் மனைவி. 1995 நவம்பரில், இருபத்தெட்டு வயதில், பயிற்சியின்போதே கிரின்கோவ் மாரடைப்பால் இறந்துபோனார். இந்தச் செய்தியை முன்னே சொல்லிவிட்டுப் படம் போட்டால் பார்ப்பவர்கள் சாவைத்தான் பார்ப்பார்கள். அசாதா விழுந்தது ஐஸின்மேல் நடந்தது, ஆட்டத்தின் பகுதி. இது அப்படியல்ல. எனவே 1994இல் அவர்கள் பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவுக்கு ஆடியதை ஒன்றும் சொல்லாமல் காட்டினேன். இரண்டு பேர் ஓடுகிறார்கள், கத்தியின் ஓசை ஒன்றாக இருக்கிறது, அதை மட்டும் கேளுங்கள் என்றேன். இறந்த செய்தியை அடுத்த மாதம்தான் சொன்னேன்.

மரம் ஏறுகிற அண்ணன் ஒரு மாலைகூடத் தவறவிடவில்லை. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சர், இசையும் வேண்டாம், குதிப்பதும் வேண்டாம். கால் என்ன செய்கிறது என்று மட்டும் காட்டுகிற படம் ஏதாவது உண்டா?"

உண்டு. இந்த விளையாட்டின் பெயரே அதிலிருந்து வந்ததுதான், ஃபிகர் என்றால் உருவம். ஐஸின்மேல் எட்டுப்போலவும் வட்டம்போலவும் உருவங்களை ஒற்றைக் காலால் வரைந்து, வரைந்த கோட்டின்மேலேயே மறுபடி போகவேண்டும். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா ஆடல் பகுதியில் ஏழாவதாகத்தான் வந்தார். ஆனாலும் இந்த உருவங்களில் எடுத்த முன்னிலையால் தங்கம் வென்றார். தொலைக்காட்சிக்கு அது சலிப்பாக இருந்தது. 1990க்குப் பிறகு உலகப் போட்டிகளிலிருந்து எடுத்தே விட்டார்கள்.

உருவங்கள் வரைகிற பழைய பதிவு ஒன்றைத் தேடிப் போட்டேன். மற்றவர்கள் எழுந்து போனார்கள். நான் தடுக்கவில்லை. அண்ணன் மட்டும் நாற்காலியைச் சுவருக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். சுவரில் ஒரு கால் மெதுவாக ஒரு வட்டத்தை முடித்து, விளிம்பு மாற்றி, அடுத்த வட்டத்துக்குள் நுழைந்தது. அவருடைய வெறுங்கால், நார்க்கயிற்றுத் தழும்பேறிய அந்தப் பாதம், சிமெண்டுத் தரையில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து அதே எட்டை வரைந்துகொண்டிருந்தது.